ஜெஸ்ஸி பெண்டனின் உறவுக்காரர்கள்: என்ன முறை, எந்தப் பக்கம்?

ஜெஸ்ஸி பெண்டன் ஃப்ரீமாண்ட் (1824–1902) பற்றி வாசிக்க ஆரம்பித்தால் ஒரு சொல் நம்மைச் சுற்றிச் சுற்றி வரும்: ‘கசின்’. கவர்னர் ஒருத்தர் கசின், உதவி ஜனாதிபதி ஒருத்தர் கசின், அடிமை முறைக்கு ஆதரவாகப் போர் செய்த ஜெனரல் கசின், அதை எதிர்த்த செனட்டரும் கசின். ஆங்கிலத்துக்கு இந்த ஒரு சொல்லே போதும். நமக்குப் போதாது. அப்பா வழியா அம்மா வழியா, அண்ணன் முறையா கட்டிக்கிற முறையான்னு தெரியாம ஒரு உறவுக்காரரை நம்மால் மனசில் வைத்துக்கொள்ள முடியாது.

அதனால் இந்தக் கசின்களை எல்லாம் நம் முறைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து வர்ஜீனியாக்காரர்கள் இப்படிப் பிரித்துப் பேசியதில்லை. இது நம் வசதிக்கான கணக்கு. ஆனால் இப்படிப் போட்டதில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் பல பெரிய பெயர்கள் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள் என்பது தெளிவாகிறது. ஓட்டுரிமையே இல்லாத ஒரு பெண் எப்படி அவ்வளவு அரசியல் செய்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதும் புரிகிறது.

யார் இவர்?

மிசூரி மாநில செனட்டர் தாமஸ் ஹார்ட் பெண்டனின் இரண்டாவது மகள். மேற்குப் பகுதிகளை அளந்து வரைபடம் போட்ட ஜான் சார்ல்ஸ் ஃப்ரீமாண்ட்டின் மனைவி. அந்த ஃப்ரீமாண்ட்தான் 1856ல் குடியரசுக் கட்சியின் முதல் ஜனாதிபதி வேட்பாளர். அந்தத் தேர்தலில் கூட்டங்களில் ஃப்ரீமாண்ட் பெயரோடு ஜெஸ்ஸி பெயரையும் சேர்த்துக் கோஷம் போட்டார்கள். ஒரு வேட்பாளரின் மனைவி பிரசாரத்தின் முகமாக ஆனது அங்கே அதுவரைக்கும் பழக்கமில்லாத விஷயம்.

அப்பா வழி: துப்பாக்கிச் சூட்டில் தொடங்கிய நட்பு

ஜெஸ்ஸி என்ற பெயர் அப்பாவைப் பெற்ற தாத்தா ஜெஸ்ஸி பெண்டனின் பெயர். ஆண் பெயரைப் பெண்ணுக்கு ஏற்ற மாதிரி எழுத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். அதே பெயரில் ஒரு சித்தப்பாவும் உண்டு. அவர் கதை கொஞ்சம் காரசாரமானது. 1813ல் நாஷ்வில்லில் பெண்டன் சகோதரர்களுக்கும் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கும் தெருச்சண்டை. ஜெஸ்ஸி பெண்டன் சுட்ட குண்டு ஜாக்சனின் உடம்பிலேயே பல வருஷம் தங்கிவிட்டது. பிறகு ஜாக்சன் ஜனாதிபதி ஆனார். செனட்டில் அவருக்காக முன்னால் நின்று வாதாடியவர் யாரென்றால், அதே தாமஸ் பெண்டன்!

சிறுமி ஜெஸ்ஸியை அப்பா வெள்ளை மாளிகைக்குக் கூட்டிப் போவாராம். ஜாக்சன் அவள் தலைமுடியில் விரலை அளைந்தபடியே அப்பாவிடம் பேசுவார். பேச்சில் சூடு ஏறினால் விரல்பிடி இறுகும், வலித்தாலும் அசையாமல் நிற்பாள். வயதான பிறகு ஜெஸ்ஸியே இதை எழுதியிருக்கிறார். அவர் அரசியல் கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

ஜாக்சனின் பரம எதிரி ஹென்றி கிளே. அவர் மனைவி லுக்ரீஷியா ஹார்ட், பெண்டனைப் பெற்ற அம்மாவின் பிறந்த வகையைச் சேர்ந்தவர். பெண்டனின் நடுப்பெயரில் வருகிற ‘ஹார்ட்’ அந்தக் குடும்பம்தான். ஆக ஒரு பக்கம் ஜாக்சன் நண்பர், மறுபக்கம் கிளே உறவு. கட்சிச் சண்டை என்பது இந்த வீட்டுக்கு வெளியே நடக்கிற சங்கதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அம்மா வழி: பிரஸ்டன் வகையறா

உண்மையான ஆலமரம் அம்மா பக்கம். 1730களின் கடைசியில் அயர்லாந்திலிருந்து வர்ஜீனியா வந்து குடியேறிய ஜான் பிரஸ்டன் என்பவர்தான் மூலவர். ஜெஸ்ஸிக்கு எள்ளுத்தாத்தா. அவருடைய ஒரே மகன் வில்லியம். மகள்கள் மார்கரெட், லெட்டிஸ், ஆன், மேரி என்று நாலு பேர். இந்த ஐந்து பேரில் நாலு கிளைகளைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுக்கப் புரிந்துவிடும்.

வில்லியம் கிளை: இவர் மகள் சாரா, மெக்டவல் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். சாராவின் மகள் எலிசபெத்தான் பெண்டனின் மனைவி, ஜெஸ்ஸியின் அம்மா. வில்லியம் பிரஸ்டனின் ஸ்மித்ஃபீல்டு தோட்டம் அடிமைகள் உழைப்பில் நடந்த தோட்டம் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொந்தபந்தங்களின் செல்வாக்குக்கு அடியில் இருந்தது அதுதான்.

இந்தக் கிளையிலிருந்து மட்டும் வர்ஜீனியாவுக்கு நாலு கவர்னர்கள். சாராவின் தம்பி ஜேம்ஸ் பேட்டன் பிரஸ்டன் (1816–19). சாராவின் தங்கை லெட்டீஷியாவின் கணவர் ஜான் ஃபிளாய்டு (1830–34). சாராவின் மகன், அதாவது ஜெஸ்ஸியின் சொந்தத் தாய்மாமன் ஜேம்ஸ் மெக்டவல் (1843–46). லெட்டீஷியாவின் மகன் ஜான் பி. ஃபிளாய்டு (1849–52). அம்மாவின் சித்தி மகன் என்பதால் இந்த ஃபிளாய்டும் ஜெஸ்ஸிக்கு மாமா முறைதான்.

இதில் ஒரு வேடிக்கை. மாமா மெக்டவலும் மாமா ஃபிளாய்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டது அக்கா தங்கைகளை. இரண்டு பெண்களும் ஃபிரான்சிஸ் பிரஸ்டனின் மகள்கள். ஃபிரான்சிஸ் யார்? சாராவுக்கும் லெட்டீஷியாவுக்கும் சகோதரர். அப்படின்னா மாப்பிள்ளைகள் இருவருக்கும் தாய்மாமன். ரெண்டு பேருமே மாமன் மகளைக் கட்டியிருக்கிறார்கள்! அவர்களுக்கு அது வெறும் ‘கசின் கல்யாணம்’. சொத்தும் செல்வாக்கும் வெளியே போகாமல் இருக்க வர்ஜீனியாவின் தோட்டக்காரக் குடும்பங்கள் நிறையவே செய்துகொண்ட ஏற்பாடு. நமக்கோ அதைவிடப் பொருத்தமான சம்பந்தம் இருக்க முடியாது.

லெட்டிஸ் கிளை: இவர் பிரெக்கின்ரிட்ஜ் குடும்பத்துக்குப் போனார். மகன் ஜான், ஜெஃபர்சனிடம் அட்டர்னி ஜெனரல். அவருடைய பேரன் ஜான் சி. பிரெக்கின்ரிட்ஜ். நம் கணக்கில் தலைமுறை தலைமுறையாக இறக்கிக்கொண்டு வந்தால், இவருடைய அப்பா ஜெஸ்ஸியின் அம்மாவுக்கு அண்ணன் தம்பி முறை ஆகிறார். அப்போ இந்த ஜான் சி. ஜெஸ்ஸிக்கு மாமன் மகன் முறை, அதாவது அத்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 1856ல் திரும்ப வருவார்.

ஆன் கிளை: இவர் மகள் வழிப் பேரன் ஃபிரான்சிஸ் பிரஸ்டன் பிளேர். நடுப்பெயரே சாட்சி. ஜாக்சன் காலத்தில் வாஷிங்டனில் அரசாங்கத்தின் குரலாக இருந்த ‘குளோப்’ பத்திரிகையின் ஆசிரியர். நம் முறைப்படி ஜெஸ்ஸிக்குச் சித்தப்பா. அவர் மகன்கள் மாண்ட்கோமரி பிளேர், ஃபிராங்க் பிளேர் இருவரும் அண்ணன் முறை. மகள் லிஸ்ஸி, ஜெஸ்ஸியின் உயிர்த்தோழி.

மார்கரெட் கிளை: பிரவுன் குடும்பம். மிசூரி அரசியல்வாதி பெஞ்சமின் கிராட்ஸ் பிரவுன் இங்கிருந்து வருகிறார். இவரையும் கடைசியில் பார்க்கலாம்.

ஊர் பேர் தெரியாத மாப்பிள்ளை

இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் 1841 அக்டோபரில், 17 வயதில், வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ராணுவ லெப்டினன்ட். அவருடைய அம்மா வர்ஜீனியாவின் நல்ல குடும்பத்துப் பெண். வயதான கணவரை விட்டுவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரரோடு போனவர். முறைப்படி கல்யாணம் ஆகாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளைதான் ஃப்ரீமாண்ட். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான் கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

பெண்டன் முதலில் கொதித்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபின் மாமனாரின் பலம் முழுசா மாப்பிள்ளைக்குப் போனது. மேற்கு நோக்கிய பயணங்களுக்கு செனட்டில் வழி செய்தவர் பெண்டன். திரும்பி வந்து கணவர் சொல்லச் சொல்ல அறிக்கையை எழுத்தாக்கியதில் ஜெஸ்ஸியின் பங்கு பெரியது. 1845ல் செனட் அதை 10,000 பிரதி அச்சிட உத்தரவு போட்டது. மேற்கே வண்டி கட்டியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

1843ல் இன்னொரு சம்பவம். அறிவியல் பயணத்துக்கு எதற்குப் பீரங்கி என்று கேட்டு, ஃப்ரீமாண்ட்டைத் திரும்பக் கூப்பிட்டு மேலதிகாரியின் கடிதம் செயின்ட் லூயிஸுக்கு வந்தது. அதைப் பிரித்த ஜெஸ்ஸிக்கு அப்போது 19 வயதுகூட ஆகவில்லை. கடிதத்தைக் கணவருக்கு அனுப்பாமல், ‘காரணம் கேட்காமல் உடனே கிளம்புங்கள்’ என்கிற அர்த்தத்தில் ஆள் அனுப்பிவிட்டார். ஒரு லெப்டினன்ட்டின் மனைவி மட்டுமாக இருந்திருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்குமா? செனட்டரின் மகள் என்பதால் வந்தது. பின்னால் பெண்டன் அவர் செய்தது சரி என்றே நின்றார். குடும்பம் அவருக்குப் பதவி மாதிரி. அதை வைத்துக்கொண்டுதான் அவரால் முடிவெடுக்க முடிந்தது.

1856: பிறந்த வீடா, கட்சியா?

1855ல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஃப்ரீமாண்ட்டை வேட்பாளராக்கலாமா என்று நூல் விட்டுப் பார்த்தார்கள். தூது வந்தவர்களில் மாமா ஜான் பி. ஃபிளாய்டும் உண்டு. நிபந்தனை: தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தையும், புதுப் பிரதேசங்களில் அடிமை முறைக்குக் கதவு திறந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தையும் ஏற்கணும். ஃப்ரீமாண்ட் தம்பதி முடியாது என்றார்கள்.

அடுத்த வருஷம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆனார் ஃப்ரீமாண்ட். சித்தப்பா முறையான பிளேர்தான் அதற்கு முன்னின்றவர்களில் ஒருத்தர். எதிர்ப்பக்கம் ஜேம்ஸ் புக்கானன்; அவரோடு உதவி ஜனாதிபதி வேட்பாளர் ஜான் சி. பிரெக்கின்ரிட்ஜ், நம் கணக்கில் ஜெஸ்ஸியின் அத்தான். இதெல்லாம் தாங்கிக்கொள்ளக் கூடியது. தாங்க முடியாதது அப்பா எடுத்த நிலை. பெண்டன் தன் கட்சியை விட்டு நகரவில்லை. வடக்கை மட்டும் நம்பி நிற்கும் கட்சி ஜெயித்தால் நாடு உடையும் என்று சொல்லி, மருமகனுக்கு எதிராக, புக்கானனுக்காகப் பேசினார். ஜெஸ்ஸிக்குப் பக்கபலமாக இருந்திருக்கக் கூடிய அம்மா 1854லேயே இறந்துவிட்டிருந்தார்.

ஃப்ரீமாண்ட்டின் பிறப்பைக் கிளறி எதிரிகள் எழுதியபோது, ஜான் பிக்லோ எழுதிக்கொண்டிருந்த பிரசார வாழ்க்கை வரலாற்றில் மூதாதையர் பற்றிய பகுதியை எழுதிக் கொடுத்தவர் ஜெஸ்ஸி. மாமியாரின் வர்ஜீனியாக் குடும்பப் பெருமையை முன்னால் வைத்து, கல்யாணக் கதையை மென்மையாக்கி எழுதினார். வம்சாவளி என்பது அங்கே நேரடியாகத் தேர்தல் ஆயுதமாகவே பயன்பட்டது.

முடிவு: புக்கானன் 174 தேர்வாளர் வாக்கு, ஃப்ரீமாண்ட் 114. அப்பாவின் மிசூரியும் அம்மாவின் வர்ஜீனியாவும் புக்கானனுக்கே போயின. மாமா ஃபிளாய்டு புக்கானனின் போர்த்துறை அமைச்சர் ஆனார். ஜெஸ்ஸி சிறுவயதில் கோடைகாலம் கழித்த தெற்கத்தி உறவுகளின் வீடுகள் அவருக்கு மூடிக்கொண்டன. பெண்டன் 1858ல் காலமானார்.

இங்கே ஒன்றைச் சொல்லணும். இந்தக் குடும்பம் ஆரம்பத்திலிருந்தே ஒரே குரலில் பேசியதில்லை. 1831ல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, வர்ஜீனியா சட்டசபையில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. ஒழிக்கணும் என்று பேசியவர்களில் மாமா மெக்டவலும் ஒருத்தர். அப்போது கவர்னர் மூத்த ஃபிளாய்டு. தீர்மானம் தோற்றது. அதன்பிறகு அந்தப் பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது. அடுத்த தலைமுறை ஃபிளாய்டு, அடிமை முறைக்காகப் போருக்கே போனார். ஜெஸ்ஸி புதுசா ஒரு பக்கம் தாவினார் என்பதைவிட, குடும்பத்துக்குள் அமுங்கிப்போன ஒரு குரலைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

1861: சித்தப்பா வீட்டுச் சண்டை

போர் வந்தது. பிளேர்கள் சிபாரிசில் ஃப்ரீமாண்ட் செயின்ட் லூயிஸில் மேற்குப் படைகளுக்குத் தளபதி ஆனார். சில வாரத்திலேயே ஃபிராங்க் பிளேருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஆகஸ்ட் 30 அன்று ஃப்ரீமாண்ட், மிசூரியில் கலகக்காரர்களின் அடிமைகள் விடுதலை என்று அறிவித்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வருவதற்கு ஒரு வருஷத்துக்கும் முந்தியது இது. ஹிராம் ரீட், ஃபிராங்க் லூயிஸ் என்ற இருவருக்கு விடுதலைப் பத்திரமே எழுதிக் கொடுத்தார். கென்டக்கி கைவிட்டுப் போய்விடும் என்று லிங்கன் பயந்தார், திருத்தச் சொன்னார். ஃப்ரீமாண்ட் மறுத்தார்.

கணவரின் கடிதத்தோடு ரயிலேறினார் ஜெஸ்ஸி. செப்டம்பர் 10 இரவு, பயணக் களைப்போடேயே லிங்கனைப் பார்த்தார். லிங்கன் உட்காரக்கூடச் சொல்லவில்லை, ‘நீங்கள் நல்ல பெண் அரசியல்வாதிதான்’ என்கிற மாதிரி பேசினார் என்பது ஜெஸ்ஸியின் பதிவு. சிறுமியாக ஜாக்சன் பக்கத்தில் நின்ற அதே மாளிகை! அப்பா இருந்தவரை அங்கே அவர் பெண்டனின் மகள். இப்போது ஒரு தளபதியின் மனைவி, அவ்வளவுதான்.

மறுநாள் சித்தப்பா பிளேர் வந்து ஜெஸ்ஸியைக் கடிந்துகொண்டார். அந்தப் பேச்சில்தான், ஃப்ரீமாண்ட் மேல் குற்றம் சொல்லி ஃபிராங்க் எழுதிய கடிதம் லிங்கனிடம் போயிருப்பது தெரிந்தது. ஜெஸ்ஸி அதன் நகலை லிங்கனிடமே எழுத்தில் கேட்டார். எழுதியவர் சம்மதம் இல்லாமல் தர முடியாது என்று பதில் வந்தது. பிரகடனம் திருத்தப்பட்டது. நவம்பரில் ஃப்ரீமாண்ட் பதவி போனது. லிஸ்ஸியோடு இருந்த நட்பும் அதோடு போனது. 1856ல் அவ்வளவு நெருக்கமாக எழுதிய கடிதங்களை எல்லாம் வாசித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு, அரசியல் தோல்வியைவிட இதுதான் உறுத்தும்.

1864ல் கணக்கு தீர்ந்தது. லிங்கனுக்கு எதிராக ஒரு பிரிவினர் ஃப்ரீமாண்ட்டை நிறுத்தினார்கள். செப்டம்பர் 22ல் அவர் விலகினார். மறுநாளே, அமைச்சரவையில் இருந்த மாண்ட்கோமரி பிளேரின் ராஜினாமாவைக் கேட்டு வாங்கினார் லிங்கன். பேசிவைத்த பேரம்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து தேர்தல், ஒரே எள்ளுத்தாத்தா

எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாகப் போட்டால்:

1856 – குடியரசுக் கட்சிக்கு ஃப்ரீமாண்ட் (வில்லியம் கிளையின் மாப்பிள்ளை). ஜனநாயகக் கட்சியில் உதவி ஜனாதிபதிக்கு பிரெக்கின்ரிட்ஜ் (லெட்டிஸ் கிளை).
1860 – தெற்கு ஜனநாயகக் கட்சிக்கு பிரெக்கின்ரிட்ஜ்.
1864 – மறுபடி ஃப்ரீமாண்ட், பாதியில் விலகல்.
1868 – ஜனநாயகக் கட்சியில் உதவி ஜனாதிபதிக்கு ஃபிராங்க் பிளேர் (ஆன் கிளை).
1872 – உதவி ஜனாதிபதிக்கு பி. கிராட்ஸ் பிரவுன் (மார்கரெட் கிளை).

தொடர்ந்து ஐந்து ஜனாதிபதித் தேர்தல்கள். ஒவ்வொன்றிலும் அந்த அயர்லாந்துக்காரர் ஜான் பிரஸ்டனின் வம்சமோ, அதில் பெண் எடுத்தவரோ களத்தில். ஒருத்தருமே ஜனாதிபதி ஆகவில்லை என்பது வேறு விஷயம்! கட்சிகளும் வேறு வேறு. ‘குடும்ப அரசியல்’ என்றால் குடும்பமே ஒரு பக்கம் நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே குடும்பம் எல்லோரையும் மேடைக்கு ஏற்றிவிட்டது. யார் என்ன பேசுவது என்பதை அது தீர்மானிக்கவில்லை.

ஆண்களுக்கு இதில் தோற்றாலும் அடுத்த தேர்தல் இருந்தது. ஜெஸ்ஸிக்கு உறவுகள்தான் தொகுதி, உறவுகள்தான் பதவி. அப்பாவை, தெற்கத்தி மாமன்களை, பிளேர்களை ஒவ்வொருவராக இழந்தபோது அவர் கையில் இருந்த அரசியலும் போனது. மிஞ்சியது எழுத்து. 1873க்குப் பிறகு ஃப்ரீமாண்ட் திவாலாகிவிட, பத்திரிகைகளுக்கு நினைவுக் குறிப்புகள் எழுதித்தான் வீட்டை ஓட்டினார். கணவர் 1890ல் இறந்தபின் நாடாளுமன்றம் வருஷத்துக்கு 2,000 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் சேர்ந்து ஒரு வீடு கொடுத்தார்கள். 1902 டிசம்பரில் அங்கேயே இறந்தார். கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1911ல்.

கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு. ஜெஸ்ஸி பெற்றது ஐந்து பிள்ளைகள், இரண்டு குழந்தைகள் பச்சிளம் வயதிலேயே போய்விட்டன. பெயர்களைப் பாருங்கள்: எலிசபெத் அம்மாவின் பெயர். பெண்டன் அப்பாவின் பெயர். ஜான் சார்ல்ஸ் கணவரின் பெயர். ஆன் பெவர்லி மாமியாரின் பெயர். 1855ல் பிறந்த கடைக்குட்டி ஃபிரான்சிஸ் பிரஸ்டன், சித்தப்பா பிளேரின் பெயர். ஆறே வருஷத்தில் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. பையனின் பெயரை அவர் மாற்றவில்லை.